காசல்ரீ காற்றும் கண்டாக்கு வீட்டுப் பந்தலும்

மலை உச்சியில் பாய்ப்படகு ஓட்டப் போகிறேன் என்று சொன்னால் கொழும்பில் நம்பமாட்டார்கள், ஹட்டனில் சிரிப்பார்கள். இரண்டையும் நான் நிறையப் பார்த்துவிட்டேன். ஹட்டன் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவள் நான். வேலைக்காகக் கொழும்புக்குப் போய், பொல்கொட ஏரியில் பாய்ப்படகு ஓட்டப் பழகி, ஒரு கட்டத்தில் புத்தி கெட்டுப்போய் சொந்தமாக ஒரு சின்னப் படகும் வாங்கிவிட்டேன். ஒற்றை ஆள் படகுதான். பொங்கல் முடிந்த கையோடு தை மாதத்தில் கிடைத்த ஒரு நீண்ட வார இறுதியில் அந்தப் படகை லொறியில் ஏற்றிக்கொண்டு காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போன கதை இது. போகிற வழி, செலவு, காற்றை எப்படி அறிவது என்பதெல்லாம் இதில் இருக்கிறது. நடுவில் ஒரு கல்யாணமும் இருக்கிறது, அதை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது.

முதலில் காற்று விஷயம். இந்த வலைப்பக்கத்தைப் படிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் அதைத்தான் கேட்கிறார்கள். காற்று எந்தப் பக்கமிருந்து, எவ்வளவு வேகத்தில் வரும் என்று சொல்லும் இணையப் பக்கங்கள் ஏராளம். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தால் படகு ஓட்ட நேரம் இருக்காது. அதற்குத்தான் செய்தியோடை. அந்தப் பக்கத்தின் ஓடை முகவரியை எடுத்து, கைபேசியில் இருக்கும் ஓடை வாசிக்கும் செயலியில் ஒரு தடவை ஒட்டிவிட்டால் போதும். பக்கம் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் புதிய வரி தானாக உங்களைத் தேடி வரும். நாம் பக்கத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை, பால்காரர் மாதிரி அதுவே வாசலுக்கு வந்து மணியடிக்கும்.

என்னிடம் மூன்று ஓடைகள் இருந்தன. ஒன்று, நாங்கள் படகு ஓட்டும் கழகத்தின் அறிவிப்புப் பலகை. இரண்டாவது, பொதுவான வானிலை அறிக்கை. மூன்றாவதுதான் இந்தப் பயணத்துக்காகப் புதிதாகச் சேர்த்தது. வரைபடத்தில் எந்த இடத்தில் குத்தினாலும் அந்த இடத்துக் காற்றைச் சொல்லும் ஒரு வெளிநாட்டுப் பக்கம் அது. காசல்ரீயின் நடுத் தண்ணீரில் குத்திவைத்தேன். வியாழன் மாலை மணியடித்தது. சனிக்கிழமை நள்ளிரவு வரியில் வீச்சு ஐந்து நொட், ஆறு மணி வரியில் வடகிழக்கிலிருந்து வீச்சு இருபத்துநான்கு, பன்னிரண்டு மணி வரியில் ஒன்பது. ஒரு நொட் என்பது மணிக்கு இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இருபத்துநான்கு என்றால் என் திறமைக்கு மேல்வரம்பு. அன்று இரவு எனக்குச் சந்தோஷத்தில் தூக்கமே இல்லை.

வெள்ளி காலை ஐந்தரைக்குத் தெகிவளையிலிருந்து கிளம்பினோம். சின்ன பட்டா லொறி, போக மட்டும் இருபத்திரண்டாயிரம் ரூபா. படகின் பின்பகுதி லொறியை விட நீண்டு நின்றதால் அதில் ஒரு சிவப்புத் துணி கட்டினோம். சாரதி சுனில் அவிசாவளை தாண்டும்வரை ஒன்றும் பேசவில்லை. கித்துல்கலையில் தேநீருக்கு நிறுத்தியபோதுதான், அங்கே மேலே கடல் எப்போது வந்தது என்று சிங்களத்தில் கேட்டார். அணை கட்டியபோது வந்தது என்றேன். பிளேன்டீ அறுபது ரூபா, ரொட்டி எண்பது. பொல்பிட்டிய தாண்டி, கினிகத்தேனை ஏற்றத்தில் இரண்டாம் கியரில் முக்கி முனகி, ஹட்டனுக்குப் பத்தரைக்கு வந்து சேர்ந்தோம். ஏறக்குறைய நூற்று முப்பது கிலோமீட்டர். அங்கிருந்து டிக்கோயா வழியாக நோர்வூட்டுக்கு இன்னும் பதினைந்து கிலோமீட்டருக்குள்தான். வழியெல்லாம் இடது பக்கம் தேயிலை, வலது பக்கம் தண்ணீர் என்று மாறி மாறி வரும். கமரா வைத்திருப்பவர்கள் இரண்டு பக்க ஜன்னலுக்கும் ஆசைப்படாமல் ஒன்றில் உட்காருங்கள்.

நோர்வூட்டில் என் பெரியம்மா மகன் கதிரேசன் அண்ணனின் கடை இருக்கிறது. வாளி, கம்பி, ஆணி, குழாய் விற்கிற கடை. பின்பக்கம் பந்தல் சாமான் வாடகைக்குக் கொடுப்பார்: இரும்புக் கம்பங்கள், கூரைக்கு விரிக்கும் படங்கு, உட்காரக் கதிரை, பெரிய சட்டிகள். வாளி விற்பது அவருக்குப் பிழைப்பு, பந்தல் போடுவது ஆசை. அந்த ஆசைக்குத்தான் போன ஆனியில் அடி விழுந்தது. ஒரு கோயில் திருவிழாவில் அவர் போட்ட பந்தலைக் காற்று தூக்கி, பக்கத்து மலைத் தேயிலையில் கொண்டுபோய் விரித்துவிட்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் "பறக்கிற பந்தல்காரர்" என்ற பெயர் போகவந்தலாவை வரை பரவிவிட்டது. அதற்குப் பிறகு ஆறு மாதமாக ஒரு நல்ல காரியத்துக்கும் யாரும் கூப்பிடவில்லை.

நான் போய் இறங்கிய அன்று அண்ணன் முகம் பூரித்துப்போய் இருந்தது. மறுநாள் ஒரு கல்யாணம். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வெளிவேலைகளைப் பார்க்கும் கண்டாக்கு சிவலிங்கம் ஐயா தன் ஒரே மகளின் கல்யாணத்துக்கு அண்ணனைத்தான் கூப்பிட்டிருக்கிறார். சிவலிங்கம் ஐயா இலேசில் யாரையும் நம்புகிறவர் இல்லை, அவர் கூப்பிட்டால் மற்றவர்கள் தானாகக் கூப்பிடுவார்கள். "இதுவும் பறந்துச்சுன்னா கம்பத்தையெல்லாம் பழைய இரும்புக்குப் போட்டுட்டு வாளி மட்டும் வித்துக்கிட்டு இருந்துருவேன் தங்கச்சி" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சிரிப்பு கண்வரை போகவில்லை.

சாப்பிட்டுவிட்டு அண்ணனோடு பந்தலைப் பார்க்கப் போனேன். தோட்டத்து விளையாட்டு மைதானம், நீர்த்தேக்கத்துக்கு மேலே ஒரு மேட்டில் இருக்கிறது. கல்யாணப் பந்தல் என்றால் எங்கள் பக்கத்தில் வாசல் கிழக்கே பார்க்க வேண்டும், அதில் பேச்சுக்கு இடமில்லை. மணவறை மேற்குச் சுவரோடு. குளிருக்கும் பனிக்கும் மற்ற மூன்று பக்கமும் மூடிவிடுவார்கள். தை மாதக் காற்று வருவதோ வடகிழக்கிலிருந்து. பாய்ப்படகு ஓட்டுகிற எவருக்கும் அதைப் பார்த்தவுடன் ஆபத்து புரிந்துவிடும். வாயைத் திறந்து வைத்த பை அது. காற்று வாசலில் நுழைந்தால் வெளியே போக வழியில்லாமல் கூரையைத்தான் தூக்கும்.

அண்ணனுக்கும் அது தெரியாமல் இல்லை. மேற்குப் பக்கத்தைத் திறந்துவிட வேண்டும் என்று அவர் இரண்டு நாளாகக் கெஞ்சிக்கொண்டிருந்தார். குறுக்கே நின்றது கண்டாக்கின் தங்கை ராஜேஸ்வரி அக்கா. பெண்ணுக்கு அத்தை. வீடியோவுக்காகக் கொழும்பிலிருந்து ரோஜா நிற சாட்டின் துணி வாங்கி, சுருக்கு வைத்துத் தைத்து, மேற்குச் சுவர் முழுக்கத் தொங்கவிட்டிருந்தார். அதைக் கழற்றச் சொல்ல அங்கே யாருக்கும் தைரியமில்லை.

அண்ணன் என்னிடம் திரும்பி, "ஒன் போன்ல காத்து வருதாமே, பாத்துச் சொல்லு" என்றார். நான் ஒரு கதிரையில் சாய்ந்துகொண்டு, பிளேன்டீயை உறிஞ்சிக்கொண்டே பார்த்தேன். காலை ஆறு மணிக்குத்தான் பலத்த காற்று, பன்னிரண்டுக்கெல்லாம் ஒன்பது நொட், மெழுகுவர்த்திகூட அணையாது, முகூர்த்தம் பதினொன்றேகாலுக்குத்தானே, அதற்குள் பாதிக்கு மேல் அடங்கிவிடும், விடியற்காலைக்கு மட்டும் படங்கைச் சுருட்டிவைத்து எட்டு மணிக்கு மறுபடி கட்டுங்கள் என்று அள்ளி வழங்கினேன். அண்ணன் முகத்தில் இருந்த பாரம் இறங்கியதைக் கண்ணால் பார்த்தேன். மேற்குப் பக்கம் மூடியே இருக்கட்டும் என்று ராஜேஸ்வரி அக்காவிடம் போய்ச் சொன்னார். அக்கா அவருக்கு இரண்டு பலகாரம் கொடுத்தார்.

சனி காலை ஆறேகாலுக்குப் படகைத் தண்ணீரில் தள்ளினேன். இந்த இடம் மின்சாரத்துக்கான நீர்த்தேக்கம், கண்டபடி இறங்கக் கூடாது, முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்கியிருந்தேன். பனி தண்ணீரோடு ஒட்டிக் கிடந்தது. துடுப்பு போட்டு நடுவுக்குப் போய்ப் பாயை ஏற்றினேன். பாய், காயப்போட்ட ஈரச் சேலை மாதிரி தொங்கியது. ஆறு மணிக் காற்று கொஞ்சம் தாமதமாக வரும் என்று நினைத்தேன். ஏழு மணிக்கும் அப்படியே நினைத்தேன். பனி விலகி, இரண்டு கரையிலும் மலை முழுக்கத் தேயிலை வரிவரியாகத் தெரிந்தது. மேலே கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் நின்று என்னை வேடிக்கை பார்த்தார்கள். ஒரு பெண் கையாட்டினார், நானும் ஆட்டினேன். அவருக்காவது நடந்து போக ஒரு இடம் இருந்தது.

எனக்குப் பொறுமை கிடையாது, வீம்பு மட்டும் நிறைய. அதனால் ஒன்பது மணிவரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் ஓடையில் ஏதாவது திருத்தம் வந்ததா என்று, தண்ணீர் புகாத உறைக்குள்ளிருந்து கைபேசியை எடுத்தேன். திருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒவ்வொரு நேரத்துக்குப் பின்னாலும் ஒட்டிக்கொண்டு ஓர் ஆங்கில இசட் எழுத்து நின்றது. இரண்டு நாளாக அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், பார்த்தேன் என்பதோடு சரி. கழகத்து ஓடை எப்போதும் நம் நேரத்தில் வரும். இது வெளிநாட்டுப் பக்கம், உலகப் பொது நேரம். அந்த இசட்டுக்கு அர்த்தம் அதுதான். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னால். ஆறோடு ஐந்தரையைக் கூட்டினேன். பதினொன்றரை.

பதினொன்றரைக்கு மணப்பெண் மணவறையில் இருப்பாள். அவளுக்குப் பின்னால் மூடிய சுவர், முன்னால் திறந்த வாசல். அப்படி வைக்கச் சொன்னது நான். அண்ணனுக்கு நான்கு தடவை அழைத்தேன். மைதானத்தில் ஒலிபெருக்கி அலறும்போது அவர் சட்டைப்பையில் இருக்கும் போன் எங்கே கேட்கப்போகிறது. பாயை இறக்கிப்போட்டுத் துடுப்பைப் பிடித்தேன். காற்றில்லாத தண்ணீரில் பாய்ப்படகைத் துடுப்பு போட்டுக் கரை சேர்ப்பது, கட்டிலைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவதற்குச் சமம். கரைக்கு வர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. தண்ணீர் வற்றிய ஓரத்தில் முழங்கால்வரை சேறு, அதில் இரண்டு செருப்பும் போய்விட்டன. நின்று தேடவில்லை. படகை ஒரு மரத்தில் கட்டிவிட்டு வீதிக்கு ஏறி, கையில் மாட்டிய முதல் ஆட்டோவை நிறுத்தினேன். நானூறு ரூபா கேட்டார். சேறு பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அந்த நல்ல மனிதர் நன்றாக இருக்க வேண்டும்.

பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மைதானத்தில் இறங்கினேன். பட்டுச்சேலைகளுக்கு நடுவில் உயிர்காப்பு அங்கியும் நனைந்த காற்சட்டையும் சேற்றுக் காலுமாக நான். சமையல் பக்கம் நின்ற அண்ணனைப் பிடித்து, மூச்சு வாங்க, "அண்ணே, நான் சொன்ன நேரம் தப்பு. காத்து இனிமேத்தான் வருது. முகூர்த்தத்துக்கே வருது" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு காலைப் பார்த்தார். திட்டவில்லை. ஏன், எப்படி என்று ஒன்றும் கேட்கவில்லை.

"எத மொதல்ல கழட்டணும்?" என்றார்.

மேற்குச் சுவரைத்தான். அண்ணனும் அவருடைய வேலையாட்கள் இருவரும் மணவறைக்குப் பின்னால் போய் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கியதும் ராஜேஸ்வரி அக்கா வந்துவிட்டார். நான் விளக்கம் சொல்ல வாயெடுத்த நேரத்தில்தான் மேட்டுக்கு அந்தப்பக்கம் சவுக்கு மரங்கள் எல்லாம் ஒன்றாக இரைந்தன. படங்குக் கூரை ஒரு முறை மேலே எழுந்து, தொம்மென்று இறங்கியது. பந்தலுக்குள் இருந்த அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். போன ஆனிக் கதை அவர்கள் எல்லோருக்கும் தெரியும். அக்கா என்னையும் கூரையையும் பார்த்துவிட்டு, சாட்டினைத் தன் கையாலேயே பிடித்து இழுத்தார். சுருக்கு பிரிந்து, துணி முழுவதும் அவர் தலையில் விழுந்தது. அதற்குள்ளிருந்தே, "நிக்காதீங்க, கழட்டுங்க" என்று சத்தம் போட்டார்.

மேற்குப் பக்கம் திறந்தது. அடுத்த வீச்சு வாசலில் நுழைந்து, மணவறையைத் தாண்டி, நேரே நீர்த்தேக்கத்தின் பக்கம் போய்விட்டது. ஆனாலும் கம்பங்கள் நின்ற இடத்திலேயே நடுங்கின. அப்போதுதான் சிவலிங்கம் ஐயா எழுந்தார். தாரை வார்த்துக் கொடுக்க உட்கார்ந்திருந்தவர், பட்டு வேட்டியோடு போய் ஒலிவாங்கியைக் கையில் எடுத்தார். தோட்டத்தில் தினமும் காலையில் பெயர் கூப்பிட்டு இன்னார் இன்ன மலைக்கு என்று வேலை பிரித்துக் கொடுப்பதைப் பெரட்டு என்பார்கள். இருபது வருடமாக அதைச் செய்கிற குரல் அது.

"எல்லாரும் கேட்டுக்கங்க. இப்ப பெரட்டு" என்றார். "மொதக் கம்பத்துக்கு மாரிமுத்து, செல்லையா. ரெண்டாவதுக்கு தங்கவேலு, அவரு மருமகன். சம்பந்தி, கோவிச்சுக்காதீங்க, நீங்களும் ஒங்க தம்பியும் அந்த மூலையப் புடிங்க."

பெயர் சொன்னவுடன் எழுந்து போனார்கள். ஒரு நிமிடத்துக்குள் கம்பத்துக்கு இரண்டு பேர். பட்டு வேட்டியும் கோட்டுமாக, கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். சம்பந்தி கோபித்துக்கொண்டது போலத் தெரியவில்லை, தம்பியிடம் இன்னும் இறுக்கிப் பிடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். என் பெயர் சிவலிங்கம் ஐயாவுக்குத் தெரியாது. "அந்த நனைஞ்ச புள்ள, கெழக்குக் கயிறு" என்றார். ஓடிப்போய்ப் பிடித்தேன். பாயை அடக்கப் பழகிய கை, அந்த ஒரு வேலையாவது எனக்குத் தெரியும்.

ஓடையில் வந்த வரி அச்சுப் பிசகாமல் நடந்தது. பதினொன்றரைக்குப் பலத்த வீச்சு வந்தது. ஓமப்புகை படுத்துக்கொண்டு ஓடியது. ஐயர் ஒரு கையால் நெருப்பை மறைத்துக்கொண்டு மந்திரத்தை இரண்டு மடங்கு வேகமாகச் சொன்னார். கெட்டிமேளம் கேட்டதும் மாப்பிள்ளை தாலியைக் கட்டினார். எறிந்த அட்சதையில் பாதி பக்கவாட்டில் பறந்துபோய் சாம்பார் வாளியோடு நின்ற சமையற்காரர் தலையில் விழுந்தது. மணப்பெண் சிரித்துவிட்டாள். அவள் சிரித்ததும் கம்பம் பிடித்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். கூரை எழுந்தெழுந்து இறங்கியதே தவிர, ஒரு முடிச்சு அவிழவில்லை. இரண்டு மணிக்குக் காற்று தணியும்வரை சாப்பாட்டுப் பந்தியும் பெரட்டுக் கணக்கில்தான் நடந்தது. ஒருவர் சாப்பிட்டு வந்து கம்பத்தைப் பிடித்தால்தான் மற்றவர் இலையில் உட்காரலாம்.

மாலையில் வீடியோவைப் போட்டுப் பார்த்தார்கள். ரோஜா நிறத் துணி இருந்த இடத்தில் மலையும் தண்ணீரும் தெரிந்தன. நல்ல இடமாகத் தேடித்தான் மணவறையை வைத்தோம் என்று ராஜேஸ்வரி அக்கா மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லிக்கொண்டிருந்ததை நான் காதால் கேட்டேன். சிவலிங்கம் ஐயா அண்ணனின் தோளில் கைபோட்டுக்கொண்டு எல்லோரையும் வழியனுப்பினார். அந்தக் கையை அவர் வெகுநேரம் எடுக்கவில்லை. அன்று காசல்ரீயில் வருடத்துக்கு ஒரு முறை வருகிற அருமையான காற்று அடித்துக்கொண்டிருந்தது. என் படகு மரத்தடியில் கட்டிக் கிடந்தது. எனக்குத் துளி வருத்தமில்லை, ஏறக்குறைய.

ஞாயிறு அன்று சரியான கணக்குப் போட்டு, பதினொரு மணிக்கு இறங்கினேன். வீச்சு பதினைந்து நொட், பதமான காற்று. இரண்டு மணித்தியாலம் கரைக்குக் கரை ஓட்டினேன். மேலே மலையிலிருந்து பார்த்தவர்கள் இந்தத் தடவை கைதட்டினார்கள். அதைப் பற்றி எழுதினால் இன்னொரு இரண்டாயிரம் சொல் வேண்டும், விட்டுவிடுகிறேன்.

போக நினைக்கிறவர்களுக்கு: தை, மாசி நல்ல மாதங்கள், காற்று உண்டு, மழை குறைவு. ஆனி, ஆடியில் அனுபவசாலிகளே யோசிப்பார்கள். அனுமதியை ஒரு மாதம் முன்பே கேளுங்கள். நோர்வூட்டிலும் டிக்கோயாவிலும் அறை நாலாயிரத்து ஐநூறிலிருந்து கிடைக்கும், சுடுநீர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள். உயிர்காப்பு அங்கி இல்லாமல் இறங்கவே வேண்டாம், தண்ணீர் கடும் குளிர், ஓரமெல்லாம் சேறு. காலில் கட்டுகிற செருப்பு போடுங்கள். ஓடையைப் பொறுத்தவரை, கைபேசியில் எல்லா வரிக்கும் மணியடிக்க விடாதீர்கள், வீச்சு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் மட்டும் அடிக்கும்படி வைத்தால் போதும். புதிய ஓடை எதைச் சேர்த்தாலும் முதலில் ஒரு நாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்து, வரியில் இருக்கும் நேரமும் வெளியே அடிக்கும் காற்றும் ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள். இசட் இருந்தால் ஐந்தரையைக் கூட்டுங்கள். அண்ணனின் போனிலும் அந்த ஓடையைப் போட்டுக் கொடுத்துவிட்டேன். மாசி மாதத்துக்கு மூன்று கல்யாணப் பந்தல் பேசிவிட்டார்.

ஞாயிறு மாலை சுனில் லொறியைக் கொண்டுவந்தார். அண்ணனும் உதவிக்கு வந்து படகைக் கயிறு போட்டுக் கட்டினார். கேட்க வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன், மனம் கேட்கவில்லை. முதல் நாள் அவ்வளவு தைரியமாகத் தப்புச் சொன்னவள், மறுநாள் வந்து அதையே மாற்றிச் சொன்னபோது ஒரு வார்த்தை கேட்காமல் எப்படி நம்பினீர்கள் என்று கேட்டேன்.

அண்ணன் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"வெள்ளிக்கிழம நீ கதிரையில சாஞ்சு பிளேன்டீ குடிச்சுக்கிட்டே சொன்ன. சனிக்கிழம செருப்புகூட இல்லாம ஓடிவந்து சொன்ன. எனக்கு வித்தியாசம் தெரியாதா தங்கச்சி?"